கடல்பாசிக்குக் கார்பன் எந்த வழியாகப் போகிறது?

இடிந்தகரையிலிருந்து ஒரு தம்பி கேட்டது இது: "அண்ணாச்சி, செடி இலைத்துளை வழியாகக் காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடை எடுக்கும் என்று படித்தோம். பாசி தண்ணிக்குள்ளேயே கிடக்கு. அதுக்கு இலைத்துளையும் இல்லை, வேரும் இல்லை. அப்போ அது கார்பனை எங்கிருந்து, எப்படி எடுக்குது? பாசி வளர்த்தா காத்துல இருக்கிற கார்பன் குறையும்னு சொல்றாங்களே, அது சரியா?"

தம்பி, கேள்வியின் முதல் பாதிக்குத்தான் அதிகம் எழுதப் போகிறேன். அது பிடிபட்டால் இரண்டாம் பாதிக்குப் பெரும்பாலும் நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். திருநெல்வேலியில் தாவரவியல் பாடம் எடுத்த காலம் முழுக்க ஆண்டுக்கு ஒரு முறையாவது மாணவர்களை உங்கள் ஊர்ப் பாறைக்குக் கூட்டிவந்திருக்கிறேன். பாடப்புத்தகம் நிலத்துச் செடியோடு நின்றுவிடும். பாறையில் இறங்கிய அன்றைக்குத்தான் இந்தக் கேள்வி யாராவது ஒருவருக்கு வரும். அப்படி வரும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

முதலில் கடல்தண்ணீரைப் பார்ப்போம். உங்கள் வீட்டு வாசலில் இருந்து ஒரு லிட்டர் கடல்தண்ணீர் மொண்டால் அதில் உயிரற்ற கார்பன், அதாவது சர்க்கரையாகவோ சதையாகவோ மாறாத கார்பன், ஏறக்குறைய 24 மில்லிகிராம் இருக்கும். அதே ஒரு லிட்டர் காற்றில் இருப்பது 0.2 மில்லிகிராம்தான். அதாவது கடலில் காற்றைவிட நூறு மடங்குக்கும் மேல் கார்பன் கிடக்கிறது. ஆகப் பாசிக்குக் கார்பன் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. பாசியின் சிரமம் அந்தக் கார்பன் எந்த உருவத்தில் இருக்கிறது என்பதில்தான்.

கோலி சோடாவில் வாயு வாயுவாகவே கரைந்திருக்கும். உடைத்ததும் புஸ்ஸென்று வெளியே வரும். கடல் அப்படியில்லை. கடலில் கரைகிற கார்பன் டை ஆக்சைடு தண்ணீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலம் ஆகிறது. அந்த அமிலம் ஒரு ஹைட்ரஜன் அயனியை உதறிவிட்டால் பைகார்பனேட். ஆப்பச் சோடாவில் இருப்பது இதுதான். இன்னொரு ஹைட்ரஜனையும் உதறினால் கார்பனேட். இது சலவைச் சோடாவில் இருக்கிறது, தாழையூத்துச் சுண்ணாம்புக் கல்லிலும் இருக்கிறது. எது எவ்வளவு இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் பி.எச்., அதாவது அது புளிப்பா காரமா என்று காட்டும் அளவு; ஏற ஏறக் காரம். கடலின் பி.எச். சுமார் 8.1. அந்த நிலையில் நூற்றுக்கு 90 பங்கு பைகார்பனேட், 9 பங்கு கார்பனேட். வாயுவாகவே கரைந்து நிற்கும் கார்பன் டை ஆக்சைடு ஒரு பங்குகூட இல்லை. நம் பக்கத்து வெதுவெதுப்பான கடலில் அது அரைப் பங்குதான்.

ஆனால் பாசியின் செல்லுக்குள் கார்பனைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் நொதி இருக்கிறதே, ரூபிஸ்கோ, அது அந்த அரைப் பங்கைத்தான் கேட்கும். வயலில் நிற்கும் நெல்லானாலும், பாறையில் ஒட்டியிருக்கும் பாசியானாலும் இந்த வேலையைச் செய்வது ரூபிஸ்கோதான். பைகார்பனேட்டை அது தொடவே தொடாது. சில்லறை இருந்தால்தான் ஏறலாம் என்று சொல்லும் பஸ் கண்டக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பாசியின் கையில் கட்டுக்கட்டாக ஐந்நூறு ரூபாய் நோட்டு இருக்கிறது, சில்லறை இல்லை.

இதோடு ரூபிஸ்கோவுக்கு இன்னும் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, படுமந்தம். ஒரு நொடிக்குச் சில மூலக்கூறுகளைத்தான் கையாளும். இரண்டாவது, கார்பன் டை ஆக்சைடு கிடைக்காத இடத்தில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்தால், ஏற்கெனவே சேர்த்த கார்பனில் கொஞ்சம் வீணாகும். ஆகவே ரூபிஸ்கோவைச் சுற்றிக் கார்பன் டை ஆக்சைடு அடர்த்தியாக இருந்தாக வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். ஒரு கிலோ ஈரமான கட்டக்கோரைப் பாசியை எடுங்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர். காயவைத்தால் நூறு, நூற்றைம்பது கிராம்தான் தேறும். அதில் கார்பன் சுமார் 30 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கடல்தண்ணீரில் இருக்கும் மொத்தக் கார்பனையும் எடுக்க முடிந்தால் இந்த 30 கிராமுக்கு 1,250 லிட்டர் போதும். மொட்டைமாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றேகால். மொத்தத்தையும் எந்தப் பாசியாலும் எடுக்க முடியாது, ஆனால் அளவு புரிகிறது அல்லவா? வாயுவாக நிற்கும் கார்பன் டை ஆக்சைடை மட்டும் நம்பினால் அதே 30 கிராமுக்கு இரண்டு லட்சம் லிட்டருக்கும் மேல் வேண்டும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் பதினைந்து லோடுக்கும் மேல், ஒரு கிலோ பாசிக்கு!

அப்புறம் வேகம். கார்பன் டை ஆக்சைடு காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். பாசியின் மேல் ஒட்டியபடி, அலை அடித்தாலும் அசையாத மெல்லிய தண்ணீர்ப் படலம் ஒன்று எப்போதும் இருக்கும். முடியின் கனம், இரண்டு முடியின் கனம் என்ற அளவுதான். பாசிக்கு வரும் ஒவ்வொரு கார்பன் மூலக்கூறும் அந்தப் படலத்தைத் தானாகவே நீந்திக் கடக்க வேண்டும். அலை ஓங்கி அடிக்கும் பாறையில் பாசி செழிப்பாக இருப்பதற்கு ஒரு காரணம் இது: அலை அந்தப் படலத்தைச் சுரண்டி மெலிதாக்குகிறது.

"பைகார்பனேட் தானாகவே கார்பன் டை ஆக்சைடாக மாறாதா?" என்று கேட்கலாம். மாறும். ஆனால் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்ற கணக்கில்தான் மாறும். மின்னல் வேகத்தில் ஒளியைப் பிடிக்கும் செல்லுக்கு அது யுகம். சரி, பைகார்பனேட்டை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளலாமே என்றால், அதற்கு மின்னூட்டம் உண்டு. செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. நல்லெண்ணெயில் உப்பைப் போட்டால் கரையாமல் அடியில் கிடக்கிறதே, அதுபோல மின்னூட்டம் உள்ள எதுவும் சவ்வுக்குள் தானாக நுழையாது.

இந்தப் பூட்டைப் பாசிகள் திறந்த விதம்தான் எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த பகுதி.

பரவலான வழி, சில்லறை மாற்றித் தரும் ஆளை வாசலிலேயே உட்காரவைப்பது. அந்த ஆளின் பெயர் கார்பானிக் அன்ஹைட்ரேஸ். நடுவில் ஒரு துத்தநாக அணுவை வைத்துக்கொண்டிருக்கும் நொதி. இதன் வேகமான வகைகள் ஒரே நொடியில் பத்து லட்சம் மூலக்கூறுகளை மாற்றும். ரூபிஸ்கோவின் மந்தத்துக்கும் இதன் வேகத்துக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். நம் இரத்தச் சிவப்பணுக்களிலும் இதே வேலையைச் செய்வது இந்த நொதிதான். பல பாசிகள் இதைச் செல்லின் வெளிப்புறத்தில், சுவருக்கும் சவ்வுக்கும் இடையே வைத்திருக்கின்றன. வரும் பைகார்பனேட் அங்கேயே கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. மாறிய கையோடு சவ்வைக் கடந்து உள்ளே போய்விடுகிறது, வாயுவுக்கு மின்னூட்டம் இல்லாததால் தடையில்லை. இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? கண்ணில் நீரழுத்த நோய் உள்ளவர்களுக்குக் கொடுக்கும் அசட்டசோலமைடு என்ற மாத்திரை கார்பானிக் அன்ஹைட்ரேஸைக் கட்டிப்போடும் மருந்து. அது செல்லுக்குள் எளிதில் நுழையாது. பாசி இருக்கும் தண்ணீரில் அதைக் கலந்தால் வெளியே இருக்கும் நொதி மட்டும் நின்றுபோகிறது. அப்போது ஒளிச்சேர்க்கை சடாரென்று குறைந்தால், அந்தப் பாசி வாசலில் சில்லறை மாற்றுகிறது என்று பொருள்.

இன்னொரு வழி, சவ்விலேயே மடை வைப்பது. தாமிரபரணியில் தண்ணீர் கரைபுரண்டு ஓடினாலும் மடையைத் திறக்காமல் வயலுக்கு ஒரு சொட்டு வராது. அதுபோலச் சவ்வில் பதிந்த ஒரு புரதம் பைகார்பனேட்டைப் பைகார்பனேட்டாகவே உள்ளே விடுகிறது. உங்கள் ஊர்ப் பாறையில் பச்சைத் தாளைக் கிழித்து ஒட்டியதுபோல் கிடக்குமே, உல்வா, அதில் இந்த மடை உண்டு. நம் சிவப்பணுவின் சவ்விலும் பைகார்பனேட்டைக் கடத்தும் புரதம் இருக்கிறது. அதை அடைக்கும் வேதிப்பொருள் உல்வாவின் மடையையும் அடைக்கிறது. உல்வாவுக்கு இன்னும் ஒரு சாமர்த்தியம் சேர்ந்திருக்கிறது. சாதாரணக் கடல்தண்ணீரில் அது வாசல் நொதியை வைத்தே காலம் தள்ளும். பி.எச். ஏறிய தண்ணீரில் சில மணி நேரம் வைத்தால்தான் மடை முழுதாகத் திறக்கும்.

மூன்றாவதாக, செல்லின் வெளியே ஹைட்ரஜன் அயனிகளைத் தள்ளி, சுவருக்குள் சிறு புளிப்பு மண்டலம் உண்டாக்கும் பாசிகள் இருக்கின்றன. புளிப்பு பட்டதும் பைகார்பனேட் வாயுவாக மாறும், ஆப்பச் சோடாவில் எலுமிச்சை பிழிந்தால் நுரைப்பதுபோல. குளிர்கடலில் வளரும் கெல்ப் என்ற ராட்சதப் பழுப்புப் பாசிகளில் இது நன்றாகத் தெரிகிறது. கெல்ப் நம் கடலில் கிடையாது.

உள்ளே வந்த பைகார்பனேட் பச்சையத் தட்டுக்குள் போய், அங்கே மறுபடி கார்பானிக் அன்ஹைட்ரேஸ் கையால் வாயுவாகி, ரூபிஸ்கோவின் பக்கத்திலேயே அடர்ந்து நிற்கும். ஆக்சிஜன் இடையில் புகுவதற்கு வாய்ப்பு குறைகிறது. இந்த ஏற்பாடு முழுவதையும் சேர்த்துக் கார்பன் செறிவாக்கும் அமைப்பு என்கிறோம். இலைத்துளை பாசிக்குத் தேவைப்படாததும் இங்கேதான் புரியும். உல்வாவின் உடம்பு இரண்டே இரண்டு செல் கனம். ஒவ்வொரு செல்லும் கடலைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. உடம்பு முழுக்க வாய் என்றே சொல்லலாம்.

இப்போது உங்கள் பாறைக்கு வருவோம். தண்ணீர் வற்றும் நேரத்தில் பாறைக்குழிகளில் கொஞ்சம் தண்ணீர் தங்கும். ஒருமுறை உரல்குழி அளவே இருந்த ஒரு பள்ளத்தில் உல்வா அடர்ந்து கிடந்தது. காலையில் போனபோது தண்ணீர் சாதாரணமாக இருந்தது. உச்சிவெயிலில் திரும்பிப் போய்க் குனிந்து பார்த்தேன். இலை ஓரமெல்லாம் கடுகளவு, அதிலும் சிறிதாக, வெள்ளிக்குமிழ்கள் வரிசை கட்டி ஒட்டியிருந்தன. விரலால் லேசாகத் தட்டினால் சரசரவென்று மேலே கிளம்பின. அவ்வளவும் ஆக்சிஜன். பி.எச். மானியை நுழைத்தால் ஒன்பதைத் தாண்டியிருந்தது.

ஏன் ஏறியது? பைகார்பனேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உருவி எடுத்தால் மிஞ்சுவது ஹைட்ராக்சைடு அயனி. காரம். அதைப் பாசி வெளியே தள்ளுகிறது. குழித்தண்ணீர் காரமாகக் காரமாக மிச்சமிருக்கும் வாயுவும் கார்பனேட் பக்கம் ஓடிவிடும். பி.எச். 9 ஆகும்போது கரைந்த கார்பன் டை ஆக்சைடு முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. தண்ணீரில் ஆக்சிஜனோ நிறைந்து வழிகிறது. ரூபிஸ்கோவுக்கு இதைவிட மோசமான இடம் வேண்டாம். அந்த இடத்தில்தான் உல்வா குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. மூடிய பாத்திரத்தில் வைத்தால் அது பி.எச்.சை 10க்கு மேலும் ஏற்றும். வாயுவை மட்டும் நம்பும் பாசி என்றால் 9ஐ எட்டும்போதே வேலையை நிறுத்தியிருக்கும்.

அப்படி வாயுவை மட்டும் நம்பும் பாசிகளும் இருக்கின்றன. ஆழத்திலும் பாறையின் நிழல் பக்கத்திலும் வாழும் சில சிவப்புப் பாசிகள். வெளிச்சமே குறைவாகக் கிடைக்கும் இடத்தில் மடை வைத்து, பம்பு வைத்துச் செலவழிக்க அவற்றிடம் ஆற்றல் இல்லை. குறைந்த வளர்ச்சிக்குக் கரைந்த வாயுவே போதும். அதோடு, சிவப்புப் பாசிகளின் ரூபிஸ்கோ கார்பன் டை ஆக்சைடையும் ஆக்சிஜனையும் பிரித்தறிவதில் மற்றவர்களுடையதைவிடக் கெட்டிக்காரத்தனமானது.

பாசி எந்த வகை என்பதை அதன் காய்ந்த துண்டை வைத்தே சொல்லிவிடலாம். கார்பனில் எடை 12 உள்ளது, 13 உள்ளது என இரண்டு நிலையான வகைகள் உண்டு. ரூபிஸ்கோ எடை குறைந்ததையே விரும்பி எடுக்கும். கடலில் கரைந்த வாயுவிலும் பைகார்பனேட்டைவிடக் கனமான கார்பன் குறைவு. ஆகவே வாயுவை மட்டும் உண்ணும் பாசியில் கனமான கார்பன் மிகக் குறைந்துபோயிருக்கும், ஒரு நியமப் பொருளோடு ஒப்பிடும் அளவுகோலில் ஆயிரத்துக்கு மைனஸ் 30க்கும் கீழே. மைனஸ் 10க்கு மேலே இருந்தால் அது பைகார்பனேட்டை நன்றாகப் பயன்படுத்தும் பாசி. இடையில் இருப்பவை இரண்டையும் கலந்து செய்பவை. எந்தப் பாறையில், எந்த வெயிலில் வளர்ந்தது என்பதுகூட உடம்பில் எழுதப்பட்டுவிடுகிறது.

தண்ணீர் வற்றிப் பாறைமேல் பாசி வெளியே கிடக்கும் நேரத்தில் என்ன ஆகும்? நம் கடற்கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான், ஆனாலும் மேல்பாறைப் பாசி தினமும் கொஞ்ச நேரம் காற்றில் கிடக்கத்தான் செய்கிறது. காற்றில் பைகார்பனேட் கிடையாது. ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடும் ஒரு லிட்டர் கடலில் வாயுவாக நிற்பதும் ஏறக்குறைய ஒரே அளவு. காற்றில் அது பத்தாயிரம் மடங்கு வேகமாக வந்து சேரும். ஈரம் இருக்கும்வரை பாசி காற்றிலிருந்தே எடுத்து ஒளிச்சேர்க்கை செய்யும். காய்ந்து முறுகத் தொடங்கினால் நிறுத்திவிடும்.

அடுத்து ஒரு விஷயம், இது இரண்டாம் பாதிக்கு முக்கியம். பாறையில் சின்ன விசிறிபோல, வளையம் வளையமாக, வெண்மை பூத்த பாசி பார்த்திருப்பீர்கள். பதினா. பழுப்புப் பாசிகளில் உடம்பில் சுண்ணாம்பு படிவது மிக அரிது. இது அந்த அரிதான கூட்டம். ஒரு துண்டை எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், சிறு குமிழ் விட்டு வெள்ளை கரையும். பச்சைப் பாசியில் ஹாலிமெடா, காசுமாலை கோத்ததுபோல் தட்டுத்தட்டாக இருப்பது, இன்னும் அதிகம் சுண்ணாம்பு சேர்க்கும். பாறையில் ஊதாச் சாயம் பூசினதுபோல் படியும் சிவப்புப் பாசிகளும் அப்படியே. சுண்ணாம்பு உண்டாகும்போது இரண்டு பைகார்பனேட் சேர்ந்து ஒன்று கார்பனேட்டாகப் படிகிறது, மற்றது கார்பன் டை ஆக்சைடாக விடுபடுகிறது. விடுபட்டதில் ஒரு பங்கைப் பாசியே உள்ளே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கடலின் கணக்கில் சுண்ணாம்பு கட்டுவது வாயுவைக் கூட்டும் வேலை. வெள்ளையாக உறைந்து கிடப்பதைக் கண்டு "இவ்வளவு கார்பன் பிடித்துவிட்டது" என்று எண்ணுவது பலர் செய்யும் தவறு.

சரி, பாசி வளர்த்தால் காற்றில் கார்பன் குறையுமா?

பாசி எடுப்பது கடலில் ஏற்கெனவே கரைந்திருப்பதை, பெரும்பாலும் பைகார்பனேட்டை. காற்றிலிருந்து நேரடியாக இல்லை. கடலில் கரைந்த வாயு குறைந்த பிறகு காற்றிலிருந்து அந்த இடத்துக்கு இறங்கி வர வேண்டும். அது உடனே நடப்பதில்லை. மேல்மட்டத் தண்ணீர் காற்றோடு சமநிலைக்கு வரச் சில மாதங்கள் முதல் ஓர் ஆண்டுவரை ஆகும். அதற்குள் அந்தத் தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டால், காற்றுக்கும் அதற்கும் தொடர்பு அறுந்துவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் குமரிமுனைப் பக்கம் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வருவதை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் கையை நனைத்தே சொல்வார்கள். அந்தத் தண்ணீர் கார்பன் நிறைந்து வருவது. அதில் வளரும் பாசி முதலில் குறைப்பது கடல் வெளியே விட இருந்த வாயுவை.

இன்னொன்று, பிடித்த கார்பன் எங்கே போய்ச் சேர்கிறது என்பது. பாசியை மீன் தின்றால், கரையில் ஒதுங்கி அழுகினால், நாம் அறுத்து ஜெல்லியாக்கிச் சாப்பிட்டால், சில நாளிலோ மாதத்திலோ அது மறுபடி கார்பன் டை ஆக்சைடு. நூற்றாண்டுக் கணக்கில் ஒளிந்திருக்க வேண்டுமென்றால் ஆழ்கடலுக்கோ சேற்றுக்குள்ளோ போக வேண்டும். 2016ல் கிரவுசே-யென்சன், டுவார்டே என்ற இரண்டு கடலியலாளர்கள் உலகம் முழுக்க இயற்கையாக வளரும் பெரும்பாசிகளை வைத்து ஒரு மதிப்பீடு செய்தார்கள். அதன்படி ஆண்டுக்கு 17.3 கோடி டன் கார்பன் அப்படி ஆழத்திலும் சேற்றிலும் போய் ஒளிகிறது. ஆனால் அவர்களே கொடுத்த வரம்பு 6.1 கோடியிலிருந்து 26.8 கோடி டன் வரை. இவ்வளவு அகலமான வரம்பை வைத்துக்கொண்டு, பாசி வளர்க்கும் ஒரு மூங்கில் மிதவைக்கு இத்தனை கிலோ கார்பன் என்று யாராவது காசு பேசினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுக்கும் பெண்களுக்கு அது சோறு. ஜெல்லி செய்யும் அகாருக்கு, உரத்துக்கு, மாட்டுத்தீவனத்துக்குப் பாசி வளர்ப்பதற்கு நல்ல காரணங்கள் நிறைய இருக்கின்றன. அந்தக் காரணங்களுக்காக வளர்க்கலாம். அளக்க முடியாத ஒன்றை அளந்ததாகச் சொல்லி விற்கக் கூடாது.

இவ்வளவும் கேட்டபின் நீங்களே ஒன்று செய்து பாருங்கள். ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிப் பாட்டில், இரண்டிலும் அதே கடல்தண்ணீர். ஒன்றில் கையகல உல்வா, மற்றதில் ஒன்றும் வேண்டாம். இரண்டையும் விளிம்புவரை நிரப்பி மூடி, வெயிலில் வைத்த தண்ணீர்ச் சட்டிக்குள் நிறுத்துங்கள். இல்லையென்றால் சூட்டில் பாசி வெந்துபோகும். மீன்தொட்டிக் கடையில் விற்கும் பி.எச். சொட்டுமருந்தில் 8க்கு மேலும் காட்டும் வகை போதும். மூன்று நான்கு மணி நேரம் கழித்து, இரண்டிலிருந்தும் கொஞ்சம் தண்ணீரைத் தனியே எடுத்துச் சொட்டு விட்டால் இரண்டின் நிறமும் வேறுவேறாக இருக்கும். பாசி இருந்த பாட்டிலை மறுபடி மூடி, இரவு முழுக்க இருட்டில் வைத்துக் காலையில் திரும்பவும் சொட்டு விடுங்கள். ஏறிய பி.எச். கொஞ்சம் இறங்கியிருக்கும்: பகலில் பிடித்ததில் ஒரு பங்கை இரவில் மூச்சாக விட்டு, அந்தத் தண்ணீருக்கே பாசி திருப்பிக் கொடுத்திருக்கும்.